மூன்றாவது வரிசையில் ஆடிய எங்கள் அண்ணன்

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிற இன்று, எங்கள் வீட்டுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்கள், நண்பர்கள், கலைத்துறையினர் அனைவருக்கும் தங்கையின் வணக்கம். இரங்கல் கட்டுரையை எப்படி எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள் நான். "ஆற்றொணாத் துயரம்" என்று தொடங்கி இரண்டு முறை எழுதிப் பார்த்தேன். இரண்டு முறையும் அண்ணன் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "யாரு பாப்பா செத்துப்போனது?" என்று கேட்பதுபோலவே இருந்தது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, எனக்குத் தெரிந்த அண்ணனை எனக்கு வருகிற வேகத்திலேயே எழுதுகிறேன்.

அட்டைப் படத்தைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். நினைவு மலரில் இப்படி வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிற படத்தைப் போடலாமா என்று நம் சொந்தத்தில் இரண்டு பெரியவர்கள் அண்ணியிடம் வருத்தப்பட்டார்களாம். அந்தப் பெரியவர்களுக்கு என் பணிவான விளக்கம்: அண்ணன் சிரிக்காமல் இருக்கிற படம் உலகத்திலேயே கிடையாது. வீட்டில் இருக்கிற மூன்று ஆல்பங்களையும் தரையில் பரப்பித் தேடிவிட்டோம். பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படத்திலும் சிரிப்பு. அவருடைய மாமனார் இறந்த அன்று யாரோ தெரியாத்தனமாக எடுத்த படத்திலும் சிரிப்பு. அதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணம்தான் ஒரு சமயம் அண்ணனின் வாழ்க்கையைக் கவிழ்க்கப் பார்த்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அண்ணன் பிறந்தது வரிச்சிக்குடியில், அம்மாவின் பிறந்த வீட்டில். அப்பா அப்போது பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோனில் இருந்தார். மகன் பிறந்த சேதி கப்பல் தபாலில் போய்ச் சேர்ந்து, அவருக்கு விடுப்புக் கிடைத்து, வந்து மகனைத் தூக்கியபோது, அந்த மகன் அப்பாவின் தொப்பியைத் தட்டிவிட்டு வயலுக்குள் ஓடுகிற அளவுக்கு வளர்ந்திருந்தார். மூன்று வயதுப் பிள்ளைக்கு இந்த "ஆர்" விகுதி கொஞ்சம் அதிகம்தான். மலருக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பட்டாளத்திலிருந்து திரும்பியவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்பார்கள். அப்பா ஓய்வு பெற்று வந்து காரைக்காலில் வீடு கட்டியதும் எங்கள் வீடு சொல்தா வீடு ஆனது. பிரெஞ்சுக் குடியுரிமை, பென்ஷன், காலை ஐந்தரைக்கு மடித்து வைத்த போர்வை, கோடு போட்டதுபோல நடை, எல்லாம் அப்பாவோடு வந்து இறங்கின. மனசு நிறைந்தால் அப்பா ஒரே ஒரு பிரெஞ்சு வார்த்தை சொல்வார்: "பியேன்." நன்று என்று பொருள். நான் பிறந்து பத்தாம் வகுப்புத் தேறும்வரை அதை மூன்று முறைதான் கேட்டிருக்கிறேன். அதில் ஒன்று அம்மா வைத்த இறால் குழம்புக்கு.

அண்ணன் ஆட்டம் கற்றுக்கொண்டது என் புண்ணியத்தில். எனக்கு எட்டு வயதானபோது அம்மா என்னைப் பரத வகுப்பில் சேர்த்தார். என்னைச் சைக்கிளில் கொண்டுபோய் விட்டு, ஒரு மணி நேரம் வாசலில் காத்திருந்து, திரும்ப அழைத்து வருவது அண்ணன் வேலை. எனக்குக் காலும் வரவில்லை, தாளமும் வரவில்லை. வாத்தியார் தட்டுக்கழியால் தட்டத் தட்ட நான் மாவு மிதிப்பதுபோல மிதித்துக்கொண்டிருப்பேன். ஆறு மாதம் கழித்து வாத்தியார் வெறுத்துப்போய், "அந்தத் தம்பிய உள்ள வரச் சொல்லு பாப்பா. வாசப்படியில நின்னுகிட்டு அது ஒழுங்கா ஆடுது" என்றார். அப்புறம் நான் வாசலில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றேன், அண்ணன் உள்ளே ஆடினார். இந்த ஏற்பாடு மூன்று பேருக்கும் பிடித்திருந்தது. அப்பாவுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

பள்ளி ஆண்டு விழாவில் மகள் ஆடப்போகிறாள் என்று அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு முன் வரிசையில் வந்து உட்கார்ந்தார். திரை விலகியதும் சலங்கை கட்டிக்கொண்டு வந்தவர் மகன். அப்பா கடைசிவரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்து மூன்று நாள் யாரிடமும் பேசவில்லை. நான்காம் நாள் என்னைக் கூப்பிட்டு, "ஒனக்கு என்னா வரும்?" என்று கேட்டார். "படிப்பு வருங்க" என்றேன். "படி" என்றார். நான் டீச்சரான கதை அவ்வளவுதான்.

எழுபதுகளின் தொடக்கத்தில், இருபத்தொரு வயதில், தட்டச்சு படிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு அண்ணன் மதராசுக்குப் பஸ் ஏறினார். வாத்தியாரின் சொந்தக்காரர் ஒருவர் சினிமாவில் நடன உதவியாளராக இருந்தார். அவர் பரிந்துரையில் அண்ணன் குரூப் டான்ஸராகச் சேர்ந்தார். கதாநாயகனும் நாயகியும் பாடும்போது பின்னால் வரிசை வரிசையாக ஆடுகிறார்களே, அவர்களில் ஒருவர். அண்ணன் உயரம், அதனால் எப்போதும் மூன்றாவது வரிசை.

விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அந்த வேலையை எங்களுக்கு நடித்துக் காட்டுவார். ஒன், டூ, த்ரீ, ஃபோர் என்று எட்டு வரை எண்ணிக்கொண்டே ஆட வேண்டும். லைட் போட்டதும் உதவி மாஸ்டர் கத்துவாராம்: "மூணாவது வரிசை, பல்லு! பல்லு தெரியட்டும்!" காலில் கொப்புளமா, சிரி. ரெயின் எஃபெக்ட் தண்ணீரில் நான்கு மணி நேரம் நனைந்து காய்ச்சலா, சிரி. லைட் முகத்தில் விழுந்த அந்த நொடியில் சிரிக்காதவனை மறுநாள் கூப்பிட மாட்டார்கள். "இப்பல்லாம் தூக்கத்துல யாராவது லைட்ட போட்டாக்கூட சிரிக்கிறேன் பாப்பா" என்பார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் உண்மையைத்தான் சொல்கிறார் என்று எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை.

அண்ணன் ஆடிய முதல் படம் காரைக்காலுக்கு வந்தபோது ஞாயிறு மேட்னிக்கு அம்மா, நான், எங்களுக்கு மீன் கொண்டுவரும் மண்டபத்தூர் மீன்காரம்மா, பக்கத்து வீட்டார் எல்லோருமாகப் போய் ஒரு பெஞ்சு முழுக்க உட்கார்ந்தோம். பாட்டு வந்தது. நான் "அதோ அண்ணன்" என்று எழுந்து நின்று கத்தினேன். அது வேறு யாரோ. "அந்தா, அந்தா" என்று மீன்காரம்மா காட்டியது ஒரு பெண்ணை. பாட்டு முடியப்போகிற நேரத்தில் திரையில் கால்கள் மட்டும் வரிசையாக வந்தன. அம்மா என் கையைப் பிடித்து அழுத்தி, "ஓரத்துலேருந்து ரெண்டாவது. அது எம்புள்ள காலு" என்றார். சுண்டுவிரல் கொஞ்சம் விலகி நிற்கும் அந்தக் கால் அண்ணனுடையதுதான். முகம் வரவே இல்லை. நாங்கள் தலைகால் புரியாத சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்தோம்.

அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "பேசினானா?" என்றார்.

"இல்லிங்க, ஆடினாரு" என்றேன்.

"ஆடுறவன் மூஞ்சிய யாரு பாக்குறா. பேசுறவன்தான் நடிகன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மூஞ்சியே வரவில்லை என்பதை நாங்கள் சொல்லவில்லை.

ஆறு வருடம் இப்படியே ஓடியது. இதற்குள் பிரான்சில் இருந்த எங்கள் சித்தப்பா, தாம் வேலை செய்கிற தொழிற்சாலையிலேயே அண்ணனுக்கு ஓரிடம் பார்த்து வைத்துவிட்டார். பாண்டிச்சேரி பிரெஞ்சுத் தூதரகத்திலிருந்து காகிதங்கள் வந்தன. அண்ணன் கையெழுத்துப் போட்டால் போதும், பயணம்தான். அந்தப் பொங்கலுக்கு வந்த அண்ணனின் முன்னால் அப்பா காகிதத்தை வைத்தார்.

"தெருவுல பாதிப் பேரு அங்கதான் இருக்கான். ஒனக்கு மட்டும் என்னா?"

"நான் பேசணுங்கப்பா" என்றார் அண்ணன். "ஒரு தடவையாவது முன்னால வந்து நின்னு பேசணும். எனக்கு வரும்னு தோணுதுங்க."

"சரி. ஆடி பொறக்கறதுக்குள்ள நீ நடிச்சிப் பேசி, அத நான் என் காதால கேக்கணும். கேட்டா இந்தக் காகிதத்தக் கிழிச்சிப் போட்டுடுறேன். கேக்கலன்னா நீ பிளேன் ஏறுற."

"சரிங்கப்பா" என்று சொன்னார் அண்ணன். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் பஸ் ஏற்றிவிடப் போனபோது பெட்டியை என் கையிலேயே விட்டுவிட்டு அவர் ஏறியது எனக்குத்தான் தெரியும். பிரான்சுக்குப் போனால் திரும்பி வந்து ஆட முடியாது, நடிக்கவும் முடியாது. அந்த வயதில் அங்கே போனவர்கள் யாரும் ஆட்டக்காரர்களாகத் திரும்பியதில்லை.

சித்திரை போய் வைகாசியும் போயிற்று. ஆனி பிறந்து மூன்றாம் நாள் ஒரு கடிதம் வந்தது. அண்ணன் ஒரு நாடகக் குழுவில் சேர்ந்திருக்கிறாராம், நாடகம் தொடங்குமுன் ஒரு நடனம் ஆட. அந்தக் குழு அம்மையார் கோயில் மாங்கனித் திருவிழாவுக்குக் காரைக்காலில் பத்து நாள் முகாம் போடுகிறதாம். மூத்த மகனாக நடிப்பவருக்கு அம்மை போட்டுவிட்டதாம். வசனம் முழுக்கத் தெரிந்த ஒரே ஆள், தினமும் திரைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த அண்ணன்தானாம். "பாப்பா, நான் பேசப் போகிறேன். அதுவும் நம்மூரில். அப்பாவிடம் நீயே சொல்லிவிடு" என்று முடிந்திருந்தது கடிதம்.

நான் ஊரைக் கூட்டிவிட்டேன். வரிச்சிக்குடியிலிருந்து மாமா குடும்பம் மதிய பஸ்சுக்கே வந்து இறங்கியது. மீன்காரம்மா தன் இரண்டு தங்கைகளையும் கூட்டிக்கொண்டு பூ வைத்துக்கொண்டு வந்தார். மாங்கனிக் கூட்டத்தில் ஊரே நெரிந்துகொண்டிருக்க, மைதானத்துக் கொட்டகையில் மாலை ஆறு மணிக்கு மணி அடித்தது. அப்பா முதல் வரிசையில் நட்டநடு நாற்காலியில்.

கதை எளிமையானது. முதல் வேலையில் சேர்ந்த மகன், தாய்க்குப் புடவை வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறான். வாசலிலேயே அம்மா இறந்துவிட்ட சேதியைச் சொல்கிறார்கள். மேடை இருட்டாகி, அவன் முகத்தில் மட்டும் வெளிச்சம் விழ, அவன் பேச வேண்டும். அதுவரை அண்ணன் நன்றாகவே செய்தார். குரல் கணீரென்று கடைசி வரிசை வரை போனது. அம்மா பெருமையில் மாமி பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அந்த இடம் வந்தது. சேதியைச் சொன்னார்கள். மேடை இருண்டது. அண்ணன் முகத்தில் லைட் விழுந்தது.

அண்ணன் சிரித்தார்.

முப்பத்திரண்டு பல்லும் தெரிய, மூன்றாவது வரிசைச் சிரிப்பு. அடுத்த நொடியே பதறிப்போய் முகத்தை மூடிக்கொண்டார். ஆனால் கொட்டகை மொத்தமும் சிரிக்கத் தொடங்கிவிட்டது. யாரோ விசில் அடித்தார்கள். வசனம் ஒன்றும் காதில் விழவில்லை. அப்பா எழுந்து, சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, கூட்டத்தின் நடுவே நேராக நடந்து வெளியே போனார். எனக்கு அந்த மைதானத்திலேயே குழி தோண்டிப் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் காலையில் அப்பா காகிதத்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டார். நாடகக் குழுவின் தலைவர் நல்ல மனிதர். "நடுவுல வேற நாடகங்கள் இருக்கு. கடைசி நாள் இதே நாடகத்த மறுபடி போடச் சொல்லி ஊர்ல கேக்கறாங்க. அதுக்குள்ள அந்தப் பல்ல உள்ள வைக்கக் கத்துக்க" என்று சொல்லி அனுப்பினாராம். இடையில் எட்டு நாள் இருந்தது.

அப்பாவின் பட்டாளத்து டார்ச் லைட்டை அவருக்குத் தெரியாமல் எடுத்தேன். ஐந்து பேட்டரி போடுகிற, கொள்ளிக்கட்டை மாதிரி நீளமான டார்ச். அன்று முதல் அண்ணன் எங்கே இருந்தாலும் திடீரென்று முகத்தில் அடிப்பேன். அவர் சிரிக்காமல் இருக்க வேண்டும். சோற்றில் கை வைக்கும்போது அடித்தேன், சிரித்தார். கிணற்றடியில் தலைக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடியிருந்தபோது அடித்தேன், மூடிய கண்ணோடு சிரித்தார். கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்து அடித்தேன், "அய்யோ" என்று அலறிவிட்டு அதற்கும் சிரித்தார். நானே அழுதுவிடுவேன் போலிருந்தது. ஐந்தாம் நாள் அம்மா, "அந்தப் புள்ளய விடுடி, கண்ணு அவிஞ்சிடப் போவுது" என்று டார்ச்சைப் பிடுங்கி வைத்தார்.

ஆறாம் நாள் மீன்காரம்மா மத்தி கொண்டுவந்தார். முற்றத்தில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டே, நான் மறுபடி டார்ச்சை எடுத்துத் தொடங்கிய பயிற்சியை வேடிக்கை பார்த்தவர், "எதுக்குத் தம்பி சிரிக்காம இருக்கணும்?" என்று கேட்டார்.

"அம்மா செத்த சேதி கேட்டுட்டு எவன் சிரிப்பான்?" என்றார் அண்ணன்.

"நான் சிரிச்சனே" என்றார் அவர். கை நிற்கவில்லை, செதிலைச் சுரண்டிக்கொண்டே சொன்னார். "கடலுக்குப் போன எங்க வூட்டுக்காரரக் கரையேத்துனப்ப நாலு பேரு சேந்து தூக்கிகிட்டு வந்தாங்க. பெரிய மீனு ஏதோ பட்டிருக்குன்னு நெனச்சி நான் சிரிச்சிகிட்டே ஓடுறன். கிட்ட வந்து பாத்தா அவரு. எல்லாம் புரிஞ்சிபோச்சி. ஆனா மூஞ்சி மாற மாட்டங்குது தம்பி. சிரிச்ச வாயி சிரிச்சபடிக்கே நிக்கிது. கண்ணுலேருந்து தண்ணி ஊத்துது. அன்னிக்கி எவனும் என்னயப் பாத்து சிரிக்கல. நீங்கதான் அன்னிக்கி பயந்துகிட்டு மூஞ்சிய மூடிட்டீங்க. அதான் தப்பாப் போச்சி."

அண்ணன் கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்துவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தார். இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். அதற்கப்புறம் டார்ச்சை யாரும் தொடவில்லை.

கடைசி நாள் மாலை கொட்டகைக்குப் போகும்போது அப்பாவை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடும் தைரியம் எங்களுக்கு இல்லை. ஆனால் அங்கே போய்ப் பார்த்தால், எங்களுக்கு முன்னால் வந்து, அதே நட்டநடு நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருக்கிறார். அம்மா பக்கத்தில் போய் நின்றார். "டார்ச்சுல பேட்டரியெல்லாம் தீந்து கெடக்குது. புதுசு வாங்கக் கடைத்தெருவுக்கு வந்தேன்" என்றார் அப்பா, மேடையைப் பார்த்தபடியே. கடைத்தெரு எதிர்ப்பக்கம் இருக்கிறது.

அந்தக் காட்சி வந்தது. சேதியைச் சொன்னார்கள். மேடை இருண்டது. லைட் விழுந்தது. அண்ணன் சிரித்தார். அதே சிரிப்பு. பின்வரிசையில் இரண்டு பேர் களுக்கென்று சிரித்தார்கள். அப்பா நாற்காலியோடு திரும்பி அவர்களை ஒரு பார்வை பார்த்தார். சைகோனில் எத்தனை சிப்பாய்கள் அந்தப் பார்வைக்குப் பயந்திருப்பார்களோ தெரியாது, அந்த இரண்டு பேர் அடங்கினார்கள். அண்ணன் இந்த முறை முகத்தை மூடவில்லை. சிரிப்பை அப்படியே வைத்துக்கொண்டு, கையிலிருந்த புடவையை விரித்து, "அம்மா, இந்தக் கலரு ஒனக்குப் புடிக்குமோ புடிக்காதோன்னு வழியெல்லாம் யோசிச்சிகிட்டே வந்தம்மா" என்று தொடங்கினார். பேசப் பேசக் கண்ணீர் அந்தச் சிரிப்பின் மேலேயே வழிந்தது. கொட்டகை கப்சிப். மீன்காரம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். நான் அழுதேனா என்று கேட்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமாவின் சட்டைத்தோள் நனைந்துபோனதாக மாமி இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறார்.

திரை விழுந்து கைத்தட்டல் அடங்கியதும் அப்பா, தமக்குள் சொல்வதுபோல, "பியேன்" என்றார். நான் கேட்ட நான்காவது முறை.

மறுநாள் காலையில் காகிதத்தைக் கிழிப்பார் என்று நாங்கள் சுற்றி நின்றோம். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை ஒரு முறை முழுக்கப் படித்தார். "சர்க்கார் காகிதத்தக் கிழிக்கக் கூடாது" என்றார். அடியில் பிரெஞ்சில் நான்கு வரி எழுதி, தம் பட்டாள எண்ணோடு கையெழுத்துப் போட்டு, மடித்து உறையில் வைத்து, தாமே போய்த் தபாலில் சேர்த்துவிட்டு வந்தார். அந்த நான்கு வரி என்னவென்று அண்ணன் பலமுறை கேட்டும் அப்பா சொன்னதில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டம்தான். அந்த நாடகம் மதராசில் சபா சபாவாக நடந்தது. அண்ணனின் அந்தச் சிரிப்பைப் பார்க்கவே சினிமாக்காரர்கள் வந்தார்கள். எண்பதுகள் பிறந்தபோது அண்ணன் திரையில் பேசிவிட்டார். "சார், உங்களுக்கு போன்" என்பதுதான் முதல் வசனம். அதைக் கேட்கக் காரைக்காலில் நாங்கள் மூன்று முறை டிக்கெட் எடுத்தோம். மூன்றாம் முறை அப்பாவும் வந்தார். அப்புறம் ஏட்டு, தபால்காரர், மாப்பிள்ளையின் அண்ணன், வில்லனின் கணக்குப்பிள்ளை, கடைசியில் கதாநாயகியின் தகப்பன் என்று ஏறிக்கொண்டே போனார். தகப்பன் வேஷம் போட்டபோது அண்ணனுக்கு முப்பத்தாறு வயது, மகளுக்கு முப்பத்திரண்டு. இதை அண்ணியிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ஆட்டக்காரராக இருந்தது நடிப்பில் அவருக்குக் கை கொடுத்தது. நடிகர் எங்கே வந்து நிற்க வேண்டும் என்று தரையில் சாக்பீஸால் குறி போட்டிருப்பார்கள். மற்றவர்கள் குனிந்து பார்ப்பார்கள். அண்ணன் எட்டு வரை எண்ணிக்கொண்டு நடந்து வந்து, பார்க்காமலே அதன்மேல் நிற்பார். "சொல்தா மவன்ல, அடி பிசகாது" என்று நான் கேலி செய்தால் அப்பாவுக்கு உள்ளூரப் பெருமை.

கஷ்டங்களும் இருந்தன. வேஷம் இல்லாத மாதங்கள் இருந்தன. ஒரு படத்தில் நாற்பது நாள் நடித்து, கடைசியில் அவர் வருகிற பகுதி மொத்தமும் வெட்டுப்பட்டுப் போயிற்று. அண்ணி அந்தக் காலத்தை எப்படிச் சமாளித்தார் என்பது எனக்கும் அடுப்புக்கும்தான் தெரியும். அண்ணன் யாரைப் பற்றியும் ஒரு கடுஞ்சொல் சொல்லி நான் கேட்டதில்லை. கதாநாயகனாக வரவில்லையே என்று நான் ஒரு தடவை ஆதங்கப்பட்டபோது, "பேசணும்னுதான் கேட்டேன் பாப்பா. பேசிட்டேன்ல" என்றார்.

சென்ற ஆண்டு கும்பகோணம் பக்கம் படப்பிடிப்பில் இருந்தவர், நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று ஊருக்கு வந்தார். மூன்று நாள் எங்களோடு இருந்தார். அம்மா கையால் சாப்பிட்டார், பிள்ளைகளுக்கு ஆடிக் காட்டினார், என் பள்ளி விழா நாடகத்துக்கு வந்து என் மாணவிகளை ஒரு வாங்கு வாங்கினார். நான்காம் நாள் காலை காபி குடித்துவிட்டுச் சாய்ந்தவர் எழவில்லை. நாற்பது வயது. இதை எழுதும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. யார்மேல் என்று தெரியாத கோபம். அதை மறைத்து எழுத எனக்கு வரவில்லை.

அந்த நேரத்தில் ஓடி வந்து தாங்கிய மருத்துவருக்கும், பிள்ளைகளைப் பத்து நாள் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டாருக்கும், வரிச்சிக்குடி மாமா குடும்பத்துக்கும், பதினாறு நாளும் பணம் வாங்க மறுத்து மீன் கூடையை ஒதுக்கிவைத்துவிட்டு அம்மாவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த மண்டபத்தூர் மீன்காரம்மாவுக்கும், நாடகக் குழுவினருக்கும், பிரான்சிலிருந்து வந்த சித்தப்பாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

நான்கு பேருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். பதினாறாம் நாள் படத்திறப்புக்கு மதராசிலிருந்து பஸ்ஸில் வந்தவர்கள். இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள். அண்ணனோடு மூன்றாவது வரிசையில் ஆடியவர்களாம். பெரியவர்கள் எல்லோரும் மைக்கில் பேசி முடித்ததும் நான் அவர்களையும் பேசக் கூப்பிட்டேன். "எங்களுக்கு மேடையில பேச வராதுங்க" என்றார் ஒரு பெண். "நாங்க இன்னும் ஆடிக்கிட்டுதான் இருக்கோம். அண்ணன் நடிகரான பொறவு, எந்தப் படத்துக்குப் போனாலும் டைரக்டர்கிட்ட கெஞ்சி, எங்கள்ல யாருக்காவது ஒரே ஒரு வரி வாங்கிக் குடுப்பாரு. இந்த ஆளு பேசுவாருன்னு சொல்லுவாரு. ஆளுக்கு ஒரு வரிதான் பேசியிருக்கோம். அத வேணா சொல்றோங்க." எங்கள் யாருக்கும் இது தெரியாது. அண்ணிக்கும் தெரியாது.

முதல் பெண் மைக்கின் முன் நின்று, "டாக்டர் உள்ள இருக்காரும்மா, உக்காருங்க" என்றார். இரண்டாமவர், "மேடம், ஆட்டோ வந்திருச்சி" என்றார். அடுத்து வந்த ஆண், விறைப்பாக நின்று, "ஐயா, தந்தி" என்று ஒரு கையை நீட்டினார். மண்டபத்தில் யாரும் சிரிக்கவில்லை.

நான்காமவர் மெலிந்த மனிதர். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "எனக்கும் ஒரு வரி வாங்கிக் குடுத்தாருங்க. கல்யாண வீட்டு சீனு. பேசினேன். ஆனா படத்துல வெட்டிட்டாங்க. தியேட்டர்ல வரல. அண்ணன் எங்கிட்ட மன்னிப்புக் கேட்டாரு, அவரு என்னா பண்ணுவாரு. யாரும் கேக்காத வரிங்க அது" என்றார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டி, மாலை போட்டிருந்த அண்ணன் படத்தின் பக்கம் திரும்பி, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்:

"அண்ணே, இலை போட்டாச்சு. உங்களுக்காகத்தான் எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க."

முன் வரிசையில், பதினாறு நாளாக அம்மா ஊட்டினால் மட்டும் இரண்டு கவளம் விழுங்கிக்கொண்டிருந்த அப்பா, நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழுந்தார். அந்த மனிதர் அருகில் போய் அவர் தோளில் கை வைத்தார்.

"எனக்கு நல்லாக் கேட்டுச்சி தம்பி" என்றார். "வாங்க, சாப்பிடுவோம்."

அன்று முதல் பந்தியில் அந்த நான்கு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து அப்பா சாப்பிட்டார்.